வாசற்படி டாக்டரம்மா

எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவரை அவமானப்படுத்தத் திட்ட வேண்டியதில்லை. அவர் வீட்டு வாசல் வரை போய், "உள்ள வாங்க" என்று அவர் கூப்பிடும்போது, "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றால் போதும். எங்கள் மாடியில் குடியிருந்த டாக்டரம்மா இதைத் தெருவில் ஒரு வீடு விடாமல் செய்தார். அவருக்கு யாரையும் அவமானப்படுத்தும் எண்ணம் துளிக்கூடக் கிடையாது என்பதுதான் இதில் விசேஷம்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் என் மருந்துக்கடை. கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்கு மேல் மாடி, மாடிக்கு வெளிப்பக்கமாகப் படி. டாக்டரம்மா வீடு பார்க்க வந்தபோது அந்தப் படியை மட்டும் பார்த்தார். அறைகளைப் பார்க்கக்கூட இல்லை. "இது போதும் அண்ணாச்சி" என்றார். வடக்கே ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் குடல் வழியாக உடம்புக்குள் நுழைகிற வைரஸ்களோடு காலம் தள்ளிவிட்டு, ஓய்வு பெற்று வந்தவர். சொந்த ஊர் வீரகேரளம்புதூர் பக்கம். சாமான் என்று இறங்கியதில் பாதி புத்தகம். கூட யாரும் வரவில்லை.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் அல்ல. இதைச் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்ததே தவிர, யாரும் கேட்டபாடில்லை. மூட்டு வலிக்காரர் ஒருவர் அத்தனை படியும் ஏறிப்போய் நின்றார். "நான் அந்த டாக்டர் இல்லய்யா" என்று இவர் சொல்ல, "எந்த டாக்டரா இருந்தா என்னம்மா, முட்டு ஒண்ணுதான?" என்றார் அவர். அன்றிலிருந்து டாக்டரம்மா வாதாடுவதை விட்டுவிட்டு, வருகிறவர்களைக் கீழே என் கடைக்கு அனுப்ப ஆரம்பித்தார். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

ஆனால் அந்த வாசற்படி விஷயம்தான் யாருக்கும் பிடிபடவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு கால் படியில், ஒரு கால் தெருவில். அப்படியே நின்று ஒரு மணி நேரம்கூடப் பேசுவார். அரசியல், மழை, வாழைத்தார் விலை, எதுவும் விலக்கில்லை. என் மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வாசலுக்கு வெளியே போட்டாள். அதில் உட்கார்ந்து, பையிலிருந்து தன் சொந்தத் தம்ளரை எடுத்து நீட்டுவார். அதில் காப்பியை ஊற்ற வேண்டும். கல்யாண வீடானாலும் பந்தலோடு சரி. மாடியிலும் அதே கதைதான். போகிறவர்களுக்கு மேல்படியில் ஒரு நாற்காலி உண்டு, அதற்கு அப்பால் யாரும் போனதில்லை. "அவ்வளவு கிருமியப் பாத்தவளுக்கு மனுஷனப் பாத்தாலும் கிருமியாத்தான் தெரியும்" என்று தெருவில் தீர்ப்பாகிவிட்டது. வாசற்படி டாக்டர் என்ற பட்டமும் வந்து சேர்ந்தது.

ஒருநாள் மத்தியானம் கரண்ட் இல்லாமல் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் வழக்கம்போலக் கடைப்படியில் நின்றிருந்தார். சும்மா சீண்டிப் பார்ப்போமே என்று, "நீங்க உள்ள வந்தா வைரசும் கூடவே வந்துருமோ?" என்றேன். கோபம் வரும் என்று நினைத்தேன், பாடம்தான் வந்தது.

"அது பாவம் அண்ணாச்சி. அதுக்குக் கையும் கெடயாது, காலும் கெடயாது. பூட்டை உடைச்சிட்டு வராது. நம்ம செல்லு இருக்குல்லா, அது தன் மேல்தோல்ல ஏகப்பட்ட புரதத்த வச்சிருக்கும். பக்கத்து செல்லப் பிடிச்சிக்கிடதுக்கு ஒண்ணு, வெளிய இருந்து சாமான உள்ள வாங்கதுக்கு ஒண்ணு. எல்லாம் அதோட வீட்டு வேலைக்கு. இந்த வைரசு அதுல தனக்குப் பொருந்துத ஒண்ணத் தேடிப் பிடிச்சிக்கிடும். அவ்வளவுதான். செல்லே அத உள்ள கூட்டிட்டுப் போயிரும்."

"ஆள் தெரியாமலா?"

"ஆளப் பாக்கது இல்ல. பிடி பொருந்துதான்னுதான் பாக்கும். வைரசோட மேல ஒரு பள்ளம் உண்டு. செல்லோட புரதம் அதுல போயி உக்காரும். உக்காந்த உடனே வைரசுக்குள்ள முளை மாதிரி ஒரு கொழுப்புத் துண்டு இருக்கும் பாருங்க, அது வெளிய வந்துரும். ஓடு லேசாயிரும். உள்ள இருக்க சரக்கு மட்டும் நழுவி இறங்கிரும். சில வைரசு இன்னும் கெட்டி. முதல்ல வாசல்ல இருக்க ஒரு புரதத்தப் பிடிக்கும். அதப் பிடிச்சபடியே இடுக்குல இருக்க ரெண்டாவது புரதத்துகிட்டப் போவும். அதுதான் உள்ள விடும்."

எலிக்குப் போலியோ வராதாம். எலியின் செல்லில் அதற்குப் பொருந்துகிற பிடி இல்லை. மனிதனுடைய அந்த ஒற்றைப் புரதத்தை எலிக்குக் கொடுத்தால் அதற்கும் கால் விளங்காமல் போய்விடுமாம். இதைச் சொல்லும்போது அவர் முகம், பேரனைப் பற்றிப் பேசுகிறவர்கள் முகம் மாதிரி இருந்தது.

"அப்ப அந்தப் பிடியை எடுத்துட்டா சோலி முடிஞ்சுதே" என்றேன், பெரிய கண்டுபிடிப்பு செய்துவிட்ட தோரணையில்.

"எடுத்தா செல்லோட வேலை நின்னு போவும் அண்ணாச்சி. அது வைரசுக்குன்னு வச்சதா என்ன?"

இத்தனை எச்சரிக்கைக்காரர் குற்றாலத்தில் என்ன செய்வார் என்று பார்க்க எனக்கு ஆசை. சாரல் தொடங்கிய வாரம் மனைவியோடு அவரையும் அழைத்துக்கொண்டு போனேன். மெயின் அருவியில் பெண்கள் பக்கம் அன்றைக்குக் கூட்டம் நெரிந்தது. எண்ணெய்த் தலைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன. இவர் பாறையில் குடை பிடித்து உட்கார்ந்திருப்பார் என்று நான் பந்தயமே கட்டியிருப்பேன். பந்தயம் கட்டாதது நல்லதாகப் போயிற்று. நேரே கூட்டத்துக்குள் புகுந்தவர் வெளியே வரவே இல்லை. விரல் எல்லாம் சுருங்கி, உதடு நீலம் பாரித்து, என் மனைவி இழுத்த பிறகுதான் வந்தார்.

"இத்தனை பேரு மேல விழுந்து வார தண்ணில கிருமி இல்லையாக்கும்?" என்று கேட்டேன்.

"இருக்கும்" என்றார் தலையைத் துவட்டிக்கொண்டே. "ஆனா அருவிக்கு யாரு வந்தா என்ன? அது ஒண்ணும் கேக்காதுல்லா."

பக்தி போல என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் மலைக்கு அந்தப் பக்கம் தக்காளிக் காய்ச்சல் என்று பேச்சு கிளம்பிச் செங்கோட்டை வழியாக எங்களிடம் வந்தது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல், கையிலும் காலிலும் வாயிலும் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம். கொப்புளத்தின் நிறத்தைப் பார்த்து எவரோ வைத்த பெயர். எங்கள் ஆட்களுக்கு அது போதாதா? தக்காளியை நிறுத்திவிட்டார்கள். ரசம் புளியில் வைத்தார்கள். இதில் நேரடியாக அடிபட்டவர் சுரண்டைப் பெரியப்பா. என் மகள் உமாவின் மாமனாருக்கு மூத்தவர், காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருப்பவர், அந்தக் குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. கொடுத்துக் கொடுத்துப் பேர் வாங்கிய மனிதர். கோயில் கொடைக்கானாலும் சரி, எவன் வீட்டுக் கல்யாணத்துக்கானாலும் சரி, கேட்டவர் வெறுங்கையோடு திரும்பியதில்லை. கொடுத்ததை ஊருக்குச் சொல்லாமல் விட்டதும் இல்லை.

ஒருநாள் அவர் என் கடைக்கு வந்து, "என் தக்காளி எவன் வாய்லவே கொப்புளம் போட்டுச்சு?" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். படியில் நின்ற டாக்டரம்மா, "தக்காளிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல அண்ணாச்சி, அது குடல் வைரசு" என்றார். பெரியப்பாவுக்குக் கண் கலங்காத குறைதான். "இந்த ஊர்ல படிச்ச ஆளு இந்த அம்மா ஒருத்திதான்" என்று அங்கேயே சான்றிதழ் கொடுத்தார். கொடுத்த கையோடு, புண்ணுக்குத் தடவுகிற ஒரு குப்பி மருந்தும் கேட்டார். "பேரனுக்குத்தான். கையிலயும் வாயிலயும் புண்ணு. டாக்டர் பய அந்தப் பேரச் சொல்லுதான். என் வீட்டுக்குள்ள அந்தப் பேரச் சொல்லாதலேன்னுட்டேன். நான் ஊட்டுனாத்தான் ரெண்டு வாய் திங்கான், பாவம்."

டாக்டரம்மா அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரியப்பா போனதும், "உங்க பேரனுக்கு யாரு சேனை வைக்கா?" என்று கேட்டார்.

உமாவுக்குப் பல வருஷம் குழந்தை இல்லாமல், பார்க்காத வைத்தியம் இல்லாமல், மாமியார் வீட்டில் ஜாடைமாடையாக வேறு பேச்சு எழுந்து, கடைசியில் உண்டான பிள்ளை. அதுவும் குறைமாதம். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து அப்போதுதான் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். ஒரு கையில் அடங்கிவிடுவான். எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளையின் வாயில் நல்ல மனிதர் ஒருவர் தேனோ சீனித்தண்ணீரோ விரலால் தொட்டு வைப்பார். அதுதான் சேனை. வைத்தவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. ஆஸ்பத்திரியில் அதற்கு விடவில்லை, ஆகவே பெயர் வைக்கிற அன்று என்று ஏற்பாடு. வைக்கப்போகிறவர் வேறு யார், சுரண்டைப் பெரியப்பாதான்.

"அவரு வைக்கக்கூடாது அண்ணாச்சி" என்றார் டாக்டரம்மா.

"அவருக்கு ஒரு தும்மல்கூட இல்லையே."

"பெரியாளுகளுக்கு வெளிய ஒண்ணும் தெரியாது, சுமந்துகிட்டே திரிவாங்க. அவரு பேரனுக்கு நாலு நாள்ல ஆறிரும். இவன் கொறைமாசப் பிள்ளை. இவனுக்கு அது சில சமயம் நெஞ்சு வரைக்கும் போவும். நிச்சயமா வரும்னு சொல்லல. வந்தா தாங்க மாட்டான்."

"கையில சானிடைசர் ஜெல்லு போட்டுக்கிடச் சொன்னா?" என்றேன். கடையில் நான்தான் அதைக் கோபுரம் மாதிரி அடுக்கி வைத்திருக்கிறேனே.

"இந்த வைரசு அதுக்கெல்லாம் லேசுல மசியாது. சோப்புப் போட்டு நல்லாக் கழுவணும். கழுவுவாரா?"

கழுவுவாரா! சபையில் வைத்து அவரிடம், கையைக் கழுவிவிட்டு என் பேரனைத் தொடுங்கள் என்று நான் சொன்னால், அவர் எழுந்து போவார். அவர் போனால் பின்னாலேயே அத்தனை பேரும் போவார்கள். என் மகள் எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவாள்? சொல்லாவிட்டால் பிள்ளை. அன்று முழுக்க மனைவி அழுதாள். உமா பிள்ளையை மடியை விட்டு இறக்கவில்லை. டாக்டரம்மா மட்டும் மேல்படி நாற்காலியில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி வந்து, ஜன்னல் வழியாக உமாவிடம் ஏதோ பேசிவிட்டுப் போனார்.

பெயர் வைக்கிற அன்று வீடு கொள்ளாத கூட்டம். பெரியப்பா வெள்ளை வெளேரென்று வந்து நடுவில் உட்கார்ந்துவிட்டார். தேன் கிண்ணம் வந்தது. சட்டைக் கையை மடித்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் டாக்டரம்மா. என் மனைவி பழக்கதோஷத்தில், "உள்ள வாங்க" என்றாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

தெருக்காரர்கள் அவரைப் பார்க்காமல் அவர் காலைப் பார்த்தார்கள். அவர் நேராகப் பெரியப்பா முன்னால் போய் நின்று, "தக்காளி எப்படிப் போவுது அண்ணாச்சி?" என்றார்.

"நீங்க சொன்னதத்தான் மார்க்கெட் பூரா சொல்லிட்டுத் திரியுதேன்" என்று மலர்ந்தார் அவர்.

"ஒண்ணு கேப்பேன். இல்லன்னு சொல்லக்கூடாது."

"கேளுங்கம்மா."

"எனக்குக் கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் நடக்கல. பிள்ளை குட்டியும் இல்ல. இனிமே ஆவப்போறதும் இல்ல. ஒரு பிள்ளை வாயில என் கையால ஒரு சொட்டு வைக்கணும்னு எனக்கும் இருக்கும்லா? இந்தச் சேனைய எனக்கு விட்டுக்குடுங்க அண்ணாச்சி."

பின்வரிசையில் ஒரு பெண், "பெறாதவ சேனை வைக்கலாமா?" என்றாள். மெதுவாகச் சொல்வதாக நினைத்து நன்றாகக் கேட்கும்படிதான் சொன்னாள். டாக்டரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கையை ஏந்துகிற மாதிரி வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

பெரியப்பா தன் விரலைப் பார்த்தார், பிறகு சபையைப் பார்த்தார். இவ்வளவு பேர் முன்னால் இவ்வளவு பெரிய யாசகம் அவரிடம் யாரும் கேட்டதில்லை. "எவட்டி அவ பேசுதது?" என்று ஒரு அதட்டல் போட்டார். "படிச்ச அம்மா. பிள்ளைக்குப் படிப்பு வரட்டும். நான் விட்டுக்குடுத்துட்டேன்!" கடைசி வரியைப் பின்வரிசைக்கும் சமையல்கட்டுக்கும் கேட்கட்டும் என்று மறுபடியும் சொன்னார்.

உமா தயாராக, பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பாலாடையை நீட்டினாள். கொதிக்க வைத்து எடுத்த பாலாடை, உள்ளே அவளுடைய பால்தான். தேன் கிண்ணம் சீந்துவாரில்லாமல் இருந்தது. டாக்டரம்மா ஒரு சொட்டு விட்டார். பிள்ளை சப்புக்கொட்டினான். பிறகு அவர் நிமிர்ந்து, "சேனை வச்சா ஒரு மண்டலம் பிள்ளை தாய் கையில மட்டுந்தான் இருக்கணும், வடக்க அப்படித்தான் வழக்கம்" என்று அறிவித்தார். யாரும் மறுக்கவில்லை. வழக்கம் என்றால் மறுக்கக்கூடாதல்லவா? அப்படியொரு வழக்கம் வடக்கே எந்த மூலையிலும் கிடையாது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். விஞ்ஞானி கண்டுபிடித்ததிலேயே எங்களுக்குப் பயன்பட்டது இது ஒன்றுதான்.

பந்தி முடிந்ததும் மாடிப்படியில் ஓடினேன். "என்ன நடிப்பு டாக்டரம்மா! முதல்ல தக்காளியப் பிடிச்சு, அதப் பிடிச்சிக்கிட்டே தர்மத்தப் பிடிச்சு… வைரசு தோத்துச்சு போங்க!"

அவர் சிரிக்கவில்லை. "அவரு நல்ல மனுஷன் அண்ணாச்சி. அந்தக் குணத்தப் பிடிச்சுத்தான் உள்ள போனேன்" என்றார். "பிள்ளை பால் குடிச்சானா?"

பிள்ளைக்கு ஒன்றும் வரவில்லை. பெரியப்பா வைத்திருந்தாலும் ஒன்றும் வராமல் போயிருக்கலாம், அதை அவரே சொன்னார். வராத நோய்க்கு எங்கே போய்ச் சாட்சி தேடுவது? ஆனால் வந்தது ஒன்று உண்டு. பெரியப்பா தன் தர்மத்தை மண்டியில் சொன்னார், கல்யாண வீடுகளில் சொன்னார், சுரண்டை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னார். "பாவம், பிள்ளை இல்லாத பொம்பள, கண்ணுல தண்ணியோட கேட்டா. குடுத்துட்டேன்." கண்ணீர் அவராகச் சேர்த்தது. அதன் பிறகு மாடிப்படியில் கூட்டம். ஒருத்தி கடையத்திலிருந்து வேப்பிலை மந்திரித்துக்கொண்டு வந்தாள். ஒருத்தி, ஏன் கட்டிக்கொள்ளவில்லை, எவனாவது ஏமாற்றினானா என்று உரிமையோடு கேட்டாள். மனைவியை இழந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவருக்கு ஜாதகம்கூடக் கொண்டுவந்தார்கள். அவர் எல்லோருக்கும் பதில் சொன்னார். முன்போல என் வாசலில் வந்து ஒரு மணி நேரம் பேசுவது மட்டும் குறைந்துபோயிற்று.

நானும் என் பங்குக்குக் கடைக்கு வருகிறவர்களிடம் அந்த நடிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மனைவி கேட்டுவிட்டாள்.

"உங்களுக்கு எந்தக் கூறுகெட்டவன் மருந்துக்கடை வச்சுக் குடுத்தான்? நடிப்பு நடிப்புங்கிய. பாலாடையப் பிடிச்ச கையப் பாத்தியளா? நடிக்கவளுக்குக் கை அந்த ஆட்டம் ஆடுமா?"

நான் கல்லாவில் சில்லறையை எண்ண ஆரம்பித்தேன்.

"ஒரு வீட்டுக்குள்ள போயி உக்காந்தா பொம்பளைககிட்ட முதல்ல என்ன கேப்பாங்க? எத்தனை பிள்ளைன்னுதான? அந்தக் கேள்விக்குப் பயந்து ஒரு வீட்டுப் படியும் தாண்டாம இருந்தவ. ஊரு பூரா கேக்கும்படி அவ வாயாலேயே சொல்ல வச்சிட்டோம். கிருமியாம், கிருமி."

அந்த அம்மாவுக்கு நாங்கள் என்ன செய்துவிட முடியும் என்று யோசித்தேன், ஒன்றும் தோன்றவில்லை. வாடகையைக் குறைக்கிறேன் என்று போய் நின்றேன். அவர் ஒரு பார்வை பார்த்தார், திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த சாரலுக்கு முன்பே அவர் புறப்பட்டுவிட்டார். புனேயில் தம்பி வீடு இருக்கிறது என்றார். புத்தகமெல்லாம் முன்னாலேயே லாரியில் போய்விட்டது. சாயங்கால ரயிலுக்கு ஆட்டோ வந்து நின்றபோது, பையோடு எங்கள் வாசலுக்கு வந்தார். உமா அன்று எங்கள் வீட்டில்தான் இருந்தாள். பிள்ளைக்குப் பல் முளைக்கிற பருவம். தரையெல்லாம் தவழ்ந்து, என் செருப்பின் வாரைக் கடித்துக்கொண்டிருந்தவனை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "டாக்டர் அத்தைக்கு டாட்டா சொல்லுல" என்றாள்.

அவன் டாட்டா சொல்லவில்லை. எட்டி அவர் மூக்கைப் பிடித்தான், பிறகு கன்னத்தை. அடுத்து, எச்சிலும் மண்ணுமாக இருந்த விரல்களை நேராக அவர் வாய்க்குள் விட்டான்.

"ஐயோ அத்தை, செருப்புல கெடந்த கையி!" என்று உமா பதறினாள்.

டாக்டரம்மா அந்தக் கையை எடுக்கவில்லை. அந்தச் சின்ன மணிக்கட்டைத் தன் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். ஆட்டோக்காரர் ஆரன் அடித்தார். ரயிலுக்கு நேரமாகிறது என்று கடைசியில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.